மடி, பெல்ட் ஆகாது

நம்பிக்கை: அம்மா மடியை விடப் பத்திரமான இடம் உண்டா?

உண்மை: வீட்டில் இல்லை, காரில் உண்டு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடப்பதெல்லாம் அதே வேகத்தில் முன்னால் பாயும். இருபதடி உயர மொட்டை மாடியிலிருந்து விழுந்தால் தரையில் மோதும்போது இருக்கும் வேகம் அது. கார் நொறுங்கி நிற்க ஆவதோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் 10 கிலோ குழந்தையை நிறுத்திப் பிடிக்க, நூறு கிலோவுக்கு மேல் இழுவையைக் கைகள் தாங்க வேண்டும். பயில்வானாலும் நடக்காது. 'ஊருக்குள்ளதானே, மெதுவாத்தானே போறோம்' என்ற சமாதானமும் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

அம்மா பெல்ட் போடாவிட்டால் அவர் எடையும் குழந்தை மேல்தான் விழும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்து மாட்டுவது அதைவிட மோசம். பெல்ட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவே நசுங்குவது குழந்தை. முன் சீட் என்றால் ஏர்பேக் வேறு. பெரியவர்களின் உயரத்துக்குச் செய்த அந்தப் பை, குழந்தையின் தலையில் போய் வெடித்து விரியும். ஏர்பேக் வேலை செய்யும் சீட்டில், பின்புறம் பார்த்த குழந்தை சீட்டையும் வைக்கவே கூடாது.

நம்பிக்கை: பின்னால் பார்த்து உட்காரவைத்தால் கால் மடங்கி வலிக்கும்.

உண்மை: சம்மணம் போட்டு மணிக்கணக்கில் விளையாடும் குழந்தைக்கா? கவலைப்பட வேண்டியது கழுத்தைப் பற்றி. பச்சைக் குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை; கழுத்தெலும்பு முழுதாக இறுகியிருக்காது. பின்புறம் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி 15 மாதம் வரை இது கட்டாயம். சீட்டின் உயர, எடை வரம்பு அனுமதிக்கும் வரை இப்படியே தொடரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-இல் சொன்னது.

நம்பிக்கை: பெல்ட்டை இறுக்கினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

உண்மை: சரியான அளவு இறுக்கினால் முட்டாது. தோள் பக்கம் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். வெயிலில் நின்ற காரில் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், தோலைச் சுட்டுவிடும்.

நம்பிக்கை: நாலு வயதாகிவிட்டது, பெரியவர்கள் பெல்ட்டே போதும்.

உண்மை: அந்த உயரத்தில் பட்டை கழுத்திலும் வயிற்றிலும் விழும். சுமார் 145 செ.மீ. வளரும் வரை, உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும்.

நம்பிக்கை: நம்ம ஊரில் இதற்கெல்லாம் சட்டம் இல்லை.

உண்மை: இருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பிரிவு 194பி. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். வழியில் யாராவது நிறுத்திக் கேட்கிறார்களா என்பது வேறு கதை.

நம்பிக்கை: அக்கா வீட்டுப் பழைய சீட் சும்மா கிடக்கிறது, அது போதாதா?

உண்மை: விபத்தில் சிக்காதது, காலாவதி ஆகாதது, பட்டை கிழியாதது என்று அக்காவே சொன்னால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் விற்கும் பழைய சீட் வேண்டாம். பிளாஸ்டிக்கின் உள்விரிசல் வெளியே தெரியாது.