கீழே கடை, மேலே வீடு: கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடம் எது?

கீழ்த்தளத்தில் மளிகைக் கடை, மாடியில் குடித்தனம். நம் வணிகர்கள் பலரின் கட்டிடம் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் கடையும் வீடும் சேர்ந்து இருப்பதாலேயே அது சட்டப்படி கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடம் ஆகிவிடாது. இரண்டு பயன்பாட்டுக்கும் அந்த இடத்தில் அனுமதி இருந்தால்தான் ஆகும். இதை அறிய மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. மண்டலம்: மனை எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது? 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் கலப்புக் குடியிருப்பு என்றே தனி மண்டலம் உண்டு. எந்த மண்டலத்தில் என்னென்ன தொழில் நடத்தலாம் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 கூறுகின்றன.

2. வரைபடம்: அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் கடை என்று காட்டப்பட்டுள்ளதா? வாகன நிறுத்துமிடம் என்று காட்டிய இடத்தில் ஷட்டர் போட்டால் அது கடையாகாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் வீட்டைக் கடையாக மாற்றினாலும் அது 'வளர்ச்சி'யே. அதற்கும் அனுமதி தேவை.

3. ரசீதுகள்: "வணிக மின் கட்டணம் கட்டுகிறோம், கடைக்கான சொத்து வரியும் கட்டுகிறோம்" என்பார்கள் சிலர். அவை வரி, கட்டணம் செலுத்தியதற்கு அத்தாட்சி. கட்டிட அனுமதிக்கு அத்தாட்சி அல்ல.

சரக்குக் கிடங்கு வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கடையை ஒரு வகையாகவும் கிடங்கை வேறு வகையாகவும் பிரிக்கிறது. குடித்தனத்துக்குக் கீழே மூட்டைகளை அடுக்கும்போது தீப் பாதுகாப்புத் தேவைகளும் மாறும்.

அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு டில்லியே சாட்சி. குடியிருப்புப் பகுதிகளில் அனுமதியின்றி நடந்த கடைகளை மூடி முத்திரையிடும்படி 2006-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏராளமான வணிகர்கள் தவித்தனர். 2007-இல் வெளியான டில்லி முழுமைத் திட்டம்தான் வழி திறந்தது. மளிகை, காய்கறி போன்ற அன்றாடத் தேவைக் கடைகளை, 20 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 215 சதுர அடிக்குள், குடியிருப்புக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் நடத்த அது இடமளித்தது.

கடைக்கு முத்திரை விழுந்தால் உள்ளே இருக்கும் சரக்கும், பல வருட வாடிக்கையும் வாடகைதாரருடையவை. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.