பெற்றோரை ஒப்படைக்குமுன் பார்க்க வேண்டியவை



கெங்கவல்லியிலும் சுற்றுக் கிராமங்களிலும் மரவள்ளிக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் பிழைக்கப் போன பிள்ளைகள் அநேகர். வீட்டில் தாய் மட்டும் இருக்கிறாள். ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. உடனே, "நல்ல முதியோர் இல்லம் எது?" என்று கேட்கிறோம். கேள்வி அவசரத்தில் பிறந்ததால் விடையையும் அவசரத்தில் தேடுகிறோம். கட்டிடத்தின் படத்தைப் பார்த்து, மாதக் கட்டணத்தை விசாரித்து, முன்பணம் கட்டிவிடுகிறோம்.

இது போதுமா? 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்த ஒருவர் தம் முதிய உறவினரை நண்பர் மூலம் அங்கிருந்த இல்லத்தில் சேர்ப்பித்திருந்தார். பிறகு பார்க்கப் போனபோது முதியவர் அங்கே இல்லை. வேறு மாநிலத்து இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்ட பின்புதான் விஷயம் வெளிப்பட்டது. அதிகாரிகள் நுழைந்து பார்த்தால் முறையான உரிமமே இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் போயிற்று.

இல்லத்தில் சேர்ப்பதே நான்காம் கற்பனைக்கு விரோதமல்லவா என்று சிலர் மனம் கலங்குகிறார்கள். அப்படிச் சொல்வதற்கில்லை. பூட்டிய வீட்டில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் தாய் கிடப்பது எந்தக் கற்பனையையும் நிறைவேற்றாது. சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பதே குற்றம்.

ஆகையால் முதலில் நீங்களே நேரில் போங்கள். அறிவித்துவிட்டு ஒரு முறை, அறிவியாமல் ஒரு முறை. இரண்டாவது முறை சாப்பாட்டு வேளையாகவோ பொழுது சாய்ந்த பிறகோ இருக்கட்டும். பகலில் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் இராத்திரி ஒரே ஆயாதான் இருக்கக்கூடும். இராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் என்று கேளுங்கள். வாசலில் பினாயில் மணப்பதைக் கண்டு சுத்தமென்று எண்ணிவிடாதீர்கள். கட்டிலருகே நில்லுங்கள். படுத்திருப்பவருக்குத் தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிறதா? நாக்கு உலர்ந்திருக்கிறதா? கண்ணாடியும் பல்செட்டும் அவரவரிடம் இருக்கின்றனவா, அல்லது அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா? சோறு வைத்த தட்டு அப்படியே திரும்பிப் போகிறதா, அல்லது யாராவது உட்கார்ந்து ஊட்டுகிறார்களா?

எல்லாவற்றிலும் முக்கியம் படுக்கைப்புண். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் தோல் சிவக்கும். நம்மவரின் கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. அவ்விடம் மேலும் கறுத்து, சூடாகவும் கெட்டியாகவும் இருக்கும். கவனியாவிட்டால் எலும்பு தெரியுமட்டும் புண் ஆழ்ந்துவிடும். உங்கள் தாயைப் பார்க்கப் போகும்போதெல்லாம் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அவள் உங்களைக் குளிப்பாட்டியவள்.

மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்றும், மருந்து கொடுத்த நோட்டு உண்டா என்றும் கேளுங்கள். பகலெல்லாம் எல்லோரும் தூங்கி வழிந்தால், தூக்க மருந்து யார் எழுதிக்கொடுத்தார் என்று விசாரியுங்கள். கட்டிலோடு கை கட்டப்பட்டிருக்கக் கண்டால், காரணம் கேட்காமல் திரும்பாதீர்கள். அங்குள்ள பாட்டிமாரோடு தனியே பேசவும் வேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் எந்தக் கிழவியும் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பாள்.

1839-ல் பிரான்சு தேசத்து சேன் செர்வான் என்னும் ஊரில், ஜான் ஜூகன் என்ற ஏழைப் பெண் ஒரு குருட்டுக் கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் சொந்தக் கட்டிலையே அவளுக்குக் கொடுத்தாள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. 2009-ல் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் இல்லாத இடத்திலும் இந்தக் குணம் இருக்கலாம். அவை இருக்கும் இடத்தில் இது இல்லாமலும் போகலாம்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் பெறலாம். நமக்கு அது ஆத்தூரில். முதியோரைக் கைவிட்டு விடுவது மூன்று மாதச் சிறைக்குரிய குற்றம். இல்லத்தில் கொடுமை கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

சேர்ப்பது என்று முடிவானால், புறப்படுமுன் பங்குக் குருவானவரிடம் இல்லத்தின் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுங்கள். அந்த ஊர்க் குருவானவருக்குத் தகவல் போனால்தான் திவ்விய நற்கருணை உங்கள் தாயின் கட்டிலைத் தேடி வரும்.