படம் வருது, சத்தம் வரலை. நீல விளக்கு மட்டும் மினுக்குது!

கேள்வி: எனக்கு வயது 71. மஸ்கட்டில் இருக்கும் மகன், லீவில் வந்தபோது டிவிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். போன வாரம் சத்தத்தைக் கூட்டப் போய், அதன் ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து படம் மட்டும்தான், சத்தம் இல்லை. சவுண்ட்பாரில் ஒரு நீல விளக்கு விடாமல் மினுக்குகிறது. தெருவில் உள்ள மெக்கானிக், 'போர்டு போயிருக்கும், மூவாயிரம் ஆகும்' என்கிறார். மகனிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. நான்தான் கெடுத்துவிட்டேனா?
- கே.ஆர்., கும்பகோணம்.

பதில்: கே.ஆர். ஐயா, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டப் போய் பட்டன் மாறி அழுத்தியதால் போர்டு போகாது. மூவாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான சவுண்ட்பார்களில் நீல விளக்கு என்றால் 'ப்ளூடூத்' (கம்பி இல்லாமல் செல்போனிலிருந்து பாட்டை வாங்கும் வசதி). அது மினுக்கினால், சேர்வதற்கு ஒரு போனைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விருந்தாளி வாசலில் நிற்க, வீட்டுக்காரர் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் கதைதான். டிவியின் சத்தம் கம்பி வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

டிவியில் ஒரு செய்தி சேனலை ஓடவிடுங்கள். சவுண்ட்பார் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' (சத்தம் எந்த வழியாக வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பது) என்று ஒரு பட்டன் இருக்கும். சில ரிமோட்டுகளில் எழுத்து இருக்காது. ஒரு சதுரத்துக்குள் அம்புக்குறி நுழைவது போலப் படம் போட்டிருப்பார்கள். அதை ஒருமுறை அழுத்தி, நாலைந்து விநாடி பொறுங்கள். விளக்கின் நிறம் மாறும். சத்தம் வராவிட்டால் மறுபடி ஒருமுறை. அவசரப்பட்டு அடுத்தடுத்து அழுத்தினால், சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். எந்த நிறத்தில் சத்தம் வருகிறதோ, அதை ஒரு சீட்டில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இந்தத் தவறு உங்களுடையது அல்ல, ரிமோட்டைச் செய்தவர்களுடையது. எடுத்துப் பாருங்கள்: சத்தம் கூட்டும் பட்டனும் சோர்ஸ் பட்டனும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே ரப்பர். கறுப்பு ரிமோட்டில் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்து. இருபது பட்டன் இருந்தால், தினமும் நமக்கு வேண்டியது மூன்று. பல மாடல்களுக்கு ஒரே அச்சில் ரிமோட் வார்த்தால் செலவு குறையும் என்பதால், உங்கள் செட்டுக்குத் தேவையே இல்லாத பட்டன்கூட அதில் இருக்கலாம். இதையாவது பொறுக்கலாம், என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு எழுத்துத் திரைகூட வைக்காமல், ஒற்றை விளக்கின் நிறத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. பழைய ரேடியோவில் குமிழ் எங்கே நிற்கிறது என்று இருட்டில் விரலுக்கே தெரியும்.

1956-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய டிவி ரிமோட்டில் நாலே பட்டன்தான் இருந்தன. பாட்டரிகூடக் கிடையாது. அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலி டிவிக்குக் கேட்கும். அதையா இப்படி வளர்த்தார்கள் என்று எனக்குச் சில நாள் தோன்றும்!

இன்னொரு குழப்பமும் உங்களுக்கு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். டிவியைப் போட்டதும் சவுண்ட்பாரும் தானாகவே ஆன் ஆகலாம். இதற்கு 'சி.இ.சி.' (எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் ஏற்பாடு) என்று பெயர். அது தெரியாமல் நீங்கள் சவுண்ட்பாரின் பவர் பட்டனை அழுத்த, ஆன் ஆனது அணைந்துவிடும். ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே பட்டன் வைத்ததன் பலன்.

இந்த ஏற்பாடு உங்கள் டிவியில் இருந்தால், உங்களுக்கு அதுவே நல்லது. சவுண்ட்பார் கம்பி, டிவியின் பின்னால் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய துளையில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்து, செட்டிங்கிலும் சி.இ.சி.யை ஆன் செய்துவிட்டால், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சவுண்ட்பார் ரிமோட்டை அலமாரியில் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால், சோர்ஸ் பட்டன்மீது ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, சத்தம் கூட்டும் பட்டனில் வீட்டம்மாவின் நெயில் பாலிஷில் ஒரு மேடான பொட்டு வையுங்கள். தடவினாலே தெரியும்.

சவுண்ட்பார் டிவியின் அடி ஓரத்தை மறைக்கிறதா என்றும் பாருங்கள். ரிமோட் அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத ஒளி) வாங்கும் கண் பல டிவிகளில் அங்கேதான் இருக்கிறது. மறைத்தால் டிவி ரிமோட் சண்டித்தனம் செய்யும்.

எல்லா நிறத்தையும் சுற்றி வந்தும் சத்தம் வரவில்லையென்றால், டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், தெரு மெக்கானிக் வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். வாரன்டி இருக்கிறதா என்று பார்க்க பில் வேண்டியிருக்கும். அதை மகனிடம் தயங்காமல் கேளுங்கள்.