மென்பொருட் பராமரிப்பு: நிலைப்பதிப்பில் சேர்க்கத்தக்க சிறு திருத்தங்கள் எவை?

மாணவர்களே,

மென்பொருளொன்றைப் பயனரிடம் கையளித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னர் பராமரிப்புக் கட்டம் தொடங்குகின்றது என முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்திற் கற்றுள்ளீர்கள். அக்கட்டத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்றை இங்கு நோக்குவோம். "திருத்தம் சிறியதுதானே, சேர்த்துவிட்டால் என்ன?" என்பதே அது.

1. இருவகைப் பதிப்புகள்

(அ) விருத்திப் பதிப்பு: புதிய வசதிகள் சேர்க்கப்படுவது. இதில் வழுக்கள் தோன்றுவது இயல்பு.

(ஆ) நிலைப்பதிப்பு: சோதித்து வெளியிடப்பட்டது. வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களில் அன்றாட வேலைக்குப் பயன்படுவது.

நிலைப்பதிப்பின் பயனர் புதுமையை எதிர்பார்ப்பதில்லை. நேற்று இயங்கியது இன்றும் அவ்வாறே இயங்கவேண்டும் என்பதே அவரது தேவை. எனினும் பாரிய வழுக்களை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தெரிவு அவசியமாகின்றது.

2. லினக்ஸில் பின்பற்றப்படும் விதிகள்

லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருப்பகுதிக்கு, 2005 மார்ச் மாதம் தொடக்கம் திருத்தங்கள் மட்டும் அடங்கிய நிலைப்பதிப்புகள் தனியாக வெளியிடப்படுகின்றன. இவற்றிற் சேர்க்கப்படும் திருத்தங்களுக்கான முக்கிய விதிகள் வருமாறு:

- பயனரை உண்மையாகவே பாதிக்கும் வழுவைத் திருத்துவதாக இருத்தல் வேண்டும். (உதாரணம்: கணினி செயலிழத்தல், தரவு பழுதடைதல், பாதுகாப்புக் குறைபாடு)
- "இதனால் என்றாவது பிரச்சினை வரலாம்" என்ற ஊகம் மட்டும் போதாது.
- திருத்தம் சரியென்பது தெளிவாகத் தெரிதல் வேண்டும், சோதிக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.
- சூழவுள்ள வரிகள் உட்பட 100 வரிகளுக்கு மேற்படலாகாது.
- எழுத்துப்பிழை திருத்தல், இடைவெளிகளை ஒழுங்குபடுத்தல் போன்ற அற்ப மாற்றங்கள் சேர்க்கப்படமாட்டா.
- அதே திருத்தம் பிரதான விருத்திப் பதிப்பில் ஏற்கெனவே இடம்பெற்றிருத்தல் வேண்டும். இல்லையேல், பயனர் அடுத்த பதிப்புக்கு மாறும்போது பழைய வழு மீண்டும் தோன்றும்.

சிறிதாயிருத்தல் இவ்விதிகளுள் ஒன்று மட்டுமே என்பதை அவதானிக்க.

3. ஓர் உண்மைச் சம்பவம்

லினக்ஸைக் கருவாகக் கொண்ட டெபியன் முறைமையில், தகவல்களை மறைகுறியாக்கப் பயன்படும் மென்பொருள் ஓப்பன் எஸ்.எஸ்.எல். ஆகும். சோதனைக் கருவியொன்று காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக, 2006 இல் டெபியனில் அதன் ஓரிரு வரிகள் அகற்றப்பட்டன. எச்சரிக்கை மறைந்தது, மென்பொருளும் வழமைபோல் இயங்கியது. 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 நிலைப்பதிப்பிலும் அம்மாற்றம் இடம்பெற்றது.

ஆனால், அகற்றப்பட்டவற்றுள் எழுமாற்று எண்களை உருவாக்குவதற்கு இன்றியமையாத வரியும் இருந்தது. அதன் விளைவாக, ஒரு வகைக் கணினியில் ஒரே அளவில் உருவாகக்கூடிய வெவ்வேறு சாவிகள் ஏறத்தாழ 32,000 ஆகக் குறைந்தன. இவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, சரியான சாவியைக் கண்டுபிடிப்பது இலகுவாயிற்று. குறைபாடு 2008 மே மாதத்திலேயே வெளிப்படுத்தப்பட்டது. உடனே நிலைப்பதிப்புக்குத் திருத்தம் வழங்கப்பட்டது. எனினும் ஏற்கெனவே உருவாக்கிய சாவிகள் அதனாற் சீராகவில்லை. அவற்றை நீக்கிப் புதியவற்றை உருவாக்க வேண்டியிருந்தது.

இரண்டு மாற்றங்களும் மிகச் சிறியவையே. முதலாவது, பயனர் எவரையும் வருத்தாத எச்சரிக்கைக்காக, விளைவு முழுமையாக விளங்காமற் செய்யப்பட்டது. இரண்டாவது, உண்மையான தீங்கொன்றை நிறுத்தியது. ஆகவே வரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் தவறாகும்.

4. மாதிரி வினா

கடையொன்றிற் பற்றுச்சீட்டுத் தயாரிக்கும் மென்பொருளின் நிலைப்பதிப்புக்குப் பின்வரும் திருத்தங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. சேர்க்கத்தக்கவை எவை? காரணம் தருக.

(i) உதவித் திரையில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தல்.
(ii) பொருளின் எண்ணிக்கை 99 ஐ விடக் கூடும்போது மொத்தத் தொகை பிழையாக வருவதைத் திருத்தல் (2 வரிகள், சோதிக்கப்பட்டது).
(iii) வேகத்தைச் சற்றுக் கூட்டுவதற்காக 600 வரிகளை மாற்றியெழுதல்.
(iv) கடவுச்சொல் இன்றி உட்புக முடிவதைத் தடுத்தல் (5 வரிகள், இன்னும் சோதிக்கப்படவில்லை).

விடை:
(i) வேண்டாம். வேலைக்குத் தடையில்லை, அடுத்த பதிப்பில் திருத்தலாம்.
(ii) சேர்க்கலாம். பணக் கணக்கைப் பாதிக்கும் வழு. திருத்தம் சிறியது, சோதிக்கப்பட்டது.
(iii) வேண்டாம். நன்மை சிறிது, புதிய வழுக்கள் தோன்றும் வாய்ப்புப் பெரிது.
(iv) அவசியம் சேர்க்க வேண்டும். ஆனால் உடனடியாகச் சோதித்த பின்னரே.

நினைவிற் கொள்க: இத்தகைய வினாக்களுக்கு "திருத்தம் சிறியது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது தடுக்கும் தீங்கு யாது, அதனால் வரக்கூடிய ஆபத்து யாது என்ற இரண்டையும் ஒப்பிட்டு விடையெழுதுக.