பழைய கார்ப் பயணம் சொல்லித்தந்த வியாபாரப் பாடம்

இலாபம் வந்த கதையை எல்லா வியாபாரிகளும் சொல்வார்கள். நட்டப்பட்ட கதையைச் சிலர் சொல்வார்கள். பெயர் கெடப் பார்த்த கதையை யாரும் சொல்வதில்லை. இந்த வாரம் நான் சொல்லப்போவது அந்த மூன்றாவது வகைக் கதை. எனக்கு வெட்கமான விடயம்தான். என்றாலும் இதிலிருந்து நான் படித்தது உங்களில் ஒருவருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் காத்தான்குடியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருவோரில் பழைய கார்க்காரர்கள் தனி ரகம். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், போர்ட் அங்கிலியா, வொக்ஸ்வாகன் என்று தகப்பன் ஓட்டிய காரை மகனும் வைத்திருப்பார்கள். 1977க்கு முன்னர் நமது நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. புதிய கார் கிடையாது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாடு நமது கராஜ்காரர்களுக்கு ஒரு கைத்தொழிலையே கற்றுக் கொடுத்துவிட்டது. 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர், பத்து இலட்சம் விற்பனையைக் கண்ட முதல் பிரித்தானியக் கார். பிறந்த நாட்டிலேயே அதற்குப் பாகம் தட்டுப்பட்டபோது, இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து இங்கே பாகங்களைச் செய்வித்து அங்கே கொண்டுபோய் விற்றார். பழையது என்று நாம் ஒதுக்கும் பொருளுக்கும் சந்தை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

யோசனை பிறந்த இடம்

குருக்கள்மடத்தில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் உண்டு. கொரோனாவுக்கு முன்னைய ஆண்டொன்றில், பான் பெல்ட் வாங்கக் கடைக்கு வந்தவர் சொன்னார்: "காக்கா, ஏப்ரலில் நுவரெலியாவில் மஹாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் வருகுது. நம்மட பழைய கார்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஒருக்காப் போய்ப் பார்த்தால் என்ன?"

மஹாகஸ்தொட்ட பந்தயம் 1934இல் தொடங்கியது. வளைந்து ஏறும் மலைப்பாதையில் வாகனங்கள் ஒவ்வொன்றாக ஓடும். குறைந்த நேரத்தில் உச்சியை எட்டுபவர் வெல்வார். பழைய பந்தயத்துக்குப் பழைய காரில் போவது என்ற யோசனை எனக்கும் பிடித்துவிட்டது.

இது நாம் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. இங்கிலாந்தில் குட்வுட் என்ற ஓடுபாதை 1948இல் திறக்கப்பட்டு 1966இல் பந்தயங்களை நிறுத்தியது. 1998இல் அதை மீண்டும் திறந்தவர்கள், பழைய காலத்துக் கார்களை மட்டும் ஓடவிடும் ஒரு வார இறுதியைத் தொடங்கினார்கள். 1966க்கு முந்திய காரில் வரும் பார்வையாளருக்கு அங்கே தனியான தரிப்பிடம். பந்தயத்தைப் பார்க்க வந்தவரின் காரே இன்னொரு காட்சியாகிவிடுகிறது. சில்வர்ஸ்டோன் ஓடுபாதையில் நடக்கும் பழைய கார்ப் பந்தயத்தில் கார்ச் சங்கங்களுக்குக் கழிவு விலையில் நுழைவுச் சீட்டும், மைதானத்துக்கு உள்ளே சேர்ந்து நிறுத்த இடமும் தருகிறார்கள். 2013இல் அங்கே போர்ஷே 911 காரின் ஐம்பதாவது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதே ரகக் கார்கள் ஒன்றுசேர்ந்தன. ஏற்பாட்டாளருக்குச் செலவில்லாத கண்காட்சி, சங்கத்துக்குக் கழிவு, பார்வையாளருக்குச் சந்தோசம். நல்ல வியாபாரம் என்பது இப்படி மூன்று பக்கத்துக்கும் நன்மை தருவது.

கூடும் இடம்

காத்தான்குடி, கல்முனை, களுவாஞ்சிக்குடி என்று பல ஊர்க்காரர். படுவான்கரை ஆள் ஒருவர் தன் காரை மாஸ்டரின் வளவில்தான் விட்டிருந்தார். அம்பிளாந்துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து குருக்கள்மடத்தில் இறங்குவார். எல்லோருக்கும் நடுவாக இருப்பது குருக்கள்மடம் என்று முடிவெடுத்தோம். அங்கிருந்து மட்டக்களப்பு நகரைத் தாண்டிச் செங்கலடி. செங்கலடியில் திரும்பினால் மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியாவரை ஒரே வீதி. கல்முனைக்காரருக்கு அம்பாறை வழி கிட்டத்தான். ஆனாலும் ஒன்றாகப் போவதற்கே இந்தப் பயணம் என்பதால் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு விடயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. 1990 ஜூலையில் இந்த வீதியால் வந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் வைத்துப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் செய்து திரும்பியவர்களும் வியாபாரிகளும் அதில் இருந்தார்கள். உடல்களைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கம் செய்யத் தாருங்கள் என்று குடும்பத்தினர் பல வருடங்களாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அன்று மாமனைப் பறிகொடுத்தவர். இடத்தைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. "நான் ஊரிலேயே நிற்கிறேன், வரும்போது சேர்ந்து கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு வசதியான இடத்தில் அவர் நிற்கட்டும் காக்கா. ஏன் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது" என்றார். அப்படியே செய்தோம். வரைபடத்தில் நடுவாக இருக்கும் இடம் எல்லோருடைய மனதுக்கும் நடுவாக இருக்காது. கூட்டம் கூட்டுபவர் இடத்தைத் தீர்மானிக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். சபையில் கேட்டால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

கணக்கில் விட்ட பிழை

பதினைந்து கார் வரும் என்று வாயால் சொன்னார்கள். அதை நம்பிப் பதினைந்து அறைக்கு முற்பணம் கட்டினேன். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் அறை விலை எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். வந்தது பத்துக் கார். ஐந்து அறையின் முற்பணம் போனது போனதுதான்.

இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது. செலவு இரண்டு வகை. ஆட்கள் கூடினாலும் குறைந்தாலும் மாறாதது ஒன்று. தலைக்குத் தலை மாறுவது மற்றொன்று. விளங்குவதற்காக ஓர் உதாரணம்: கூடவே வரும் மெக்கானிக்கின் கூலியும் அவரது வேன் வாடகையும் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது மாறாது. ஒரு காருக்கு அறையும் சாப்பாடும் 18,000. பதினைந்து கார் வந்தால் ஒரு காருக்கு 22,000 ரூபாய் போதும். அந்த விலையைச் சொல்லிவிட்டுப் பத்துக் காரோடு போனால் 20,000 ரூபாய் துண்டு விழும்.

எனவே விலையைக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் போடுங்கள். பத்துக் காருக்கு என்றால் 24,000. பதினைந்து வந்தால் மொத்தம் 30,000 மிஞ்சும். காருக்கு 2,000 திருப்பிக் கொடுக்கலாம். பணம் திரும்பக் கிடைத்தவர் அடுத்த முறையும் வருவார். பிறகு வந்து "இன்னும் கொஞ்சம் தாங்கோ" என்று கேட்டால் வரமாட்டார். முற்பணம் தந்தவரையே ஆளாகக் கணக்கெடுங்கள். வாய்ச்சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மலையும் வளைவும்

நமது ஊர் கடல் மட்டம். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். பதுளை ஏற்றத்திலேயே ஓர் அங்கிலியா கொதித்து நின்றுவிட்டது. முன்னால் போனவர்களுக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்களுக்கு எங்கே நிற்கிறார் என்று தெரியாது. ஒரு மணித்தியாலம் வீணானது. அடுத்த ஏப்ரலில் மெக்கானிக்கின் வேனைக் கடைசியில் விட்டோம். பின்னால் வரும் காரின் வெளிச்சம் கண்ணாடியில் தெரியாவிட்டால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். புறப்பட ஒரு வாரத்துக்கு முன் ரேடியேட்டர், ரயர், பிரேக், வரிப்பத்திரம், காப்புறுதி ஐந்தையும் பார்த்தோம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்கச் சொன்னோம். வழமையான வாகனக் காப்புறுதி பந்தய ஓட்டத்துக்குச் செல்லாது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். ஓடுபாதையில் ஊர்வலம் போகக் கேட்டால்கூட, காப்புறுதி நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டே காரை இறக்க வேண்டும்.

முதல் பயணத்தில் இரண்டு இளைஞர்கள் படம் எடுக்கவென்று வளைவின் வெளிப்பக்க மேட்டில் ஏறி நின்றார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவுமில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்த செய்தி வந்த இரவு, எனக்கு அந்த இரண்டு பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இப்படியே, பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில். விலகும் கார் வளைவின் வெளிப்பக்கம்தான் போகும். அங்கே யாரும் நிற்கக் கூடாது. பிறத்தியாரின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

அந்த இலவச அறை

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பத்து அறை எடுத்தால் ஓர் அறை இலவசம் என்று ஹோட்டல்காரர் சொல்லியிருந்தார். அந்த அறையில் நான் தங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை. ஓடித்திரிந்தது நான்தானே, இதிலென்ன என்று நினைத்தேன். அதோடு பயணத்துக்கு முன் எல்லோருக்கும் பான் பெல்ட், பிளக், ரேடியேட்டர் குழாய் என்று ஒரு பொதி கட்டி என் கடையிலிருந்தே விற்றேன். விலை நியாயமானது, ஆனால் இலாபம் இருந்தது.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் கதை கசிந்துவிட்டது. "காக்கா நம்மளை வைத்து வியாபாரம் பண்ணிட்டார்" என்று ஒருவர் சொன்னாராம். ஐந்து அறையின் முற்பணத்தை என் கையிலிருந்து இழந்தவன் நான்! எனக்குக் கோபம் வந்தது. நேரே குருக்கள்மடத்துக்குப் போனேன். மாஸ்டர் தேநீர் தந்தார்; பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நட்டத்தை எல்லோருக்கும் சொன்னீங்கள். இலவச அறையைச் சொன்னீங்களா?"

பதில் இல்லை. கழிவு கிடைத்தது எனக்காக அல்ல, பத்துப் பேர் சேர்ந்ததற்காக. பத்துப் பேருக்குச் சொந்தமானதை ஒருவன் எடுத்தால், தொகை சிறிது என்பது பதிலாகாது. மற்றவரின் பணம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். அந்தப் பணத்தால் வந்த சலுகையும் அமானிதமே.

அந்த வார இறுதியிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, வரவும் செலவும் ஒரே தாளில் எழுதி வைத்தேன். இலவச அறையின் பெறுமதியைப் பத்தாகப் பங்கிட்டுக் கொடுத்தேன். பொதியில் எனக்கு என்ன இலாபம் என்பதையும் சொன்னேன். இலாபத்தைத் திருப்பித் தா என்று ஒருவரும் கேட்கவில்லை. "கடைக்காரன் இலாபம் வைக்காமல் விற்பானா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். மாமனைப் பறிகொடுத்த நண்பர்தான் முதலில் எழுந்து, "அடுத்த வருடமும் காக்காவே காசை வைத்திருக்கட்டும். கணக்கை மாஸ்டர் எழுதட்டும்" என்றார்.

அப்படியே நடந்தது. பணம் ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம். அடுத்த ஏப்ரலில் பதினான்கு கார் வந்தது. என் கடையில்தான் பொதி வாங்க வேண்டும் என்றில்லை என்று அறிவித்தேன். பன்னிரண்டு பேர் என்னிடமே வாங்கினார்கள். அன்று அதிகாலை, அந்த நண்பர் யாரும் கேட்காமலே தன் ஒஸ்டினை ஓட்டிக்கொண்டு குருக்கள்மடத்துக்கு வந்தார். ஏன் என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

வியாபாரச் சகோதரர்களே, நாளை நீங்கள் கார்ப் பயணம் போகாமல் இருக்கலாம். கடைத்தெருச் சங்கத்துக்குச் சுற்றுலா, சீட்டு, கூட்டாகச் சரக்கு எடுப்பது என்று ஏதோ ஒன்றில் பிறத்தியாரின் பணம் உங்கள் கைக்கு வரும். நட்டத்தைச் சொல்ல யாருக்கும் தைரியம் வேண்டியதில்லை. நமக்குக் கிடைத்த சலுகையைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும். அதைக் கேட்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.