ஒஹாயோ வாரத்து வாதங்கள்

2024 நவம்பர் கடைசி வாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பதினொரு ஆட்டம் ஆடி, ஆறில் ஜெயித்து ஐந்தில் தோற்றிருந்தது. அதே வருடம் ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தி நாட்டின் சாம்பியன் ஆன அணிதான். கோப்பையோடு கோச் ஜிம் ஹார்பா தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியோடு சேர்த்துப் பதின்மூன்று பேரை என்.எஃப்.எல். தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன. மெக்கார்த்தியின் இடத்தில் மூன்று பையன்களை மாற்றி மாற்றி ஆடவிட்டார்கள். டெக்சஸிடம் தோல்வி, இல்லினாயிடம் தோல்வி, இண்டியானாவிடம் கூடத் தோல்வி. இந்த நிலைமையில் அடுத்த சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட். நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி. ஆட்டமும் அவர்கள் ஊரான கொலம்பஸில். ஏறக்குறைய இருபது புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு.

இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897-ல். 1918-லிருந்து கோவிட் வருடமான 2020 தவிர ஒரு வருடமும் விட்டதில்லை. ஒஹாயோ வளாகத்தில் ஆட்டம் நடக்கும் வாரம் பெயர்ப்பலகைகளில் இருக்கிற மிச்சிகனின் எம் எழுத்தை எல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பரில் மேற்படிப்பு படித்து, பக்கத்து ஊரான கேன்டனிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட எனக்கு, வருடத்தில் வேறு எந்த வாரத்தையும்விட இந்த வாரம்தான் முக்கியம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை என்பதால் நண்பர்கள் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடுவோம். பிரியாணி ஒரு பக்கம், வாதம் ஒரு பக்கம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பற்றி எப்படி வாதாட வேண்டும் என்று நான் கற்றதெல்லாம் அந்தக் கூட்டங்களில்தான்.

முதலில் ஒன்று. ஆறு-ஐந்து என்ற கணக்கை வைத்துக்கொண்டு வாதத்தைத் தொடங்காதீர்கள். அந்த 2024 கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போனது. “அண்ணா, இண்டியானாகிட்ட பதினஞ்சு புள்ளிதான் எடுத்தோம். இவங்ககிட்ட என்ன எடுக்கப் போறோம்?” என்று கேட்டான் இப்போது ஆன் ஆர்பரில் படிக்கிற தம்பி. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வெற்றி தோல்விக் கணக்கு மொத்த அணிக்கும் போட்ட ஒற்றை மதிப்பெண். களத்தில் மொத்த அணியும் மொத்த அணியோடு மோதுவதில்லை. இவர்களின் தாக்கும் வரிசை அவர்களின் தடுக்கும் வரிசையோடு மோதும். உதைப்பவர் தனியாகக் காற்றோடும் தூரத்தோடும் மோதுவார். ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாக எடுத்துப் பேசினால்தான் வாதம் நகரும்.

அப்படிப் பிரித்துப் பார்த்தபோது மிச்சிகனின் பலவீனம் ஒரே இடத்தில்தான் குவிந்திருந்தது: பந்தை எறிவது. நடுவில் நின்று தடுக்கிற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் இரண்டு பேரும் நாட்டிலேயே முதல் வரிசை ஆட்டக்காரர்கள். ஆர்கன்சா ஸ்டேட்டிலிருந்து வந்த டொமினிக் ஸ்வாடா ஐம்பது யார்டுக்கு அப்பாலிருந்தும் குறி தவறாமல் உதைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்கம் ஒஹாயோவின் தாக்கும் வரிசையில் இடது ஓரத்தில் ஆடும் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபரிலேயே காயப்பட்டு வெளியேறிவிட்டார். பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டர் சேத் மெக்லாக்லினுக்கு நவம்பரில் பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அதாவது அவர்களுக்கு ஓட்டை விழுந்திருந்த அதே இடத்தில்தான் நமக்குப் பலம். ஆறு-ஐந்து என்ற எண்ணில் இது எங்கேயும் தெரியாது.

மெக்லாக்லின் விஷயத்தை எடுத்து வைத்தவர் எங்களில் ஒருவர் இல்லை. கொலம்பஸில் படித்துவிட்டு வேலைக்காக மிச்சிகனுக்கு வந்த மதுரைக்கார அண்ணன். ஒஹாயோவின் சிவப்புச் சட்டையோடுதான் வந்து உட்காருவார். “உங்க டீம் எறியிறத பாத்து எனக்கு ஒரு பயமும் இல்ல. எங்க கோச் பிடிவாதமா நடுவுலயே ஓட விட்டுருவாரோன்னுதான் பயமா இருக்கு” என்றார். அன்றைய பேச்சில் மிகப் பயனுள்ள வார்த்தை அதுதான். ஆகவே, எதிரணி ரசிகர் ஒருவரைக் கட்டாயம் கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த அணியின் பயத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஒரே அணியின் ரசிகர்கள் மட்டும் கூடினால் புலம்பல் மிஞ்சும், அல்லது வீராப்பு மிஞ்சும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பலவீனமான அணி எப்படி ஜெயிக்கிறது என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். சாதாரணமாக ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் பத்துப் பன்னிரண்டு முறை பந்து கிடைக்கும். பந்து கிடைக்கும் முறை கூடக் கூட, திறமை அதிகம் உள்ள அணிக்கே லாபம். ஆகவே திறமை குறைந்த அணி ஆட்டத்தைச் சுருக்கப் பார்க்க வேண்டும். பந்தை எறிந்து தவறவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்குள்ளேயே ஓடி விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மூன்று யார்டாக ஓடி நேரத்தைத் தின்றுவிட்டு, முடிந்தால் உதைத்து மூன்று புள்ளி, முடியாவிட்டால் எதிரணியை அவர்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே முடக்குவது. பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். தொலைக்காட்சி முன் உட்கார்ந்து “எறியேண்டா” என்று கத்துகிற ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டால் பாதி வாதம் குறையும்.

வரலாற்றை இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் அலுவலகத்தின் மூத்தவர் ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர், ஒவ்வொரு வருடமும் 1969-ஐ எடுப்பார். அந்த வருடம் ஒஹாயோ தொடர்ச்சியாக 22 ஆட்டம் ஜெயித்துவிட்டு முதலிடத்தில் இருந்தபடி ஆன் ஆர்பருக்கு வந்தது. மிச்சிகனுக்குப் புதுக் கோச் போ ஷெம்பெக்லர். முடிவு 24-12, மிச்சிகன் வெற்றி. இந்தக் கதையை நம்பிக்கைக்காக மட்டும் சொன்னால் பயனில்லை, ஏனென்றால் 2012 முதல் 2019 வரை ஆடிய எட்டு ஆட்டத்தையும் மிச்சிகன் தோற்றதும் வரலாறுதான். 1969-ல் ஏன் ஜெயித்தார்கள் என்று கேளுங்கள். ஷெம்பெக்லர் ஒஹாயோவின் கோச் வூடி ஹேய்ஸிடமே உதவிக் கோச்சாக இருந்தவர். எதிராளியின் பழக்கம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ஒஹாயோ எறிந்த பந்துகளில் ஆறை மிச்சிகன் பறித்தது. பேரி பியர்சன் ஒருவரே மூன்று. காரணத்தோடு சொன்னால் பழைய ஆட்டம் இன்றைய ஆட்டத்துக்கு உதவும். “பந்தைப் பறிச்சாத்தான் உண்டு” என்று அன்று நாங்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்தப் பெரியவரின் கதைதான்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் மொத்த ஆட்டத்திலும் எறிந்து எடுத்தது 62 யார்டு. இரண்டு முறை பந்தைப் பறிகொடுக்கவும் செய்தார். ஆனால் ஒஹாயோவும் இரண்டு முறை பறிகொடுத்தது. அதில் மிச்சிகனின் ஆமிர் ஹால் பறித்த பந்து கோல் கோட்டுக்கு இரண்டு யார்டு வரை வந்து சேர்ந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கலெல் மலிங்ஸ் அதை உள்ளே கொண்டுபோனார். ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒன்று உதைத்தார். ஒஹாயோ நடுவிலேயே ஓடி ஓடி, கிரஹாமும் கிராண்ட்டும் நிற்கும் இடத்திலேயே முட்டி, மொத்தம் 77 யார்டுதான் ஓடியது. அவர்களின் உதைப்பவர் மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோல் இரண்டைத் தவறவிட்டார். 10-10 என்று நின்றபோது, பந்தைத் தக்கவைக்க மிச்சிகனுக்கு மூன்றாம் முயற்சியில் ஆறு யார்டு தேவை. எல்லோரும் எறிவார்கள் என்று நினைக்கிற தருணம். பந்தை மலிங்ஸிடம் கொடுத்தார்கள். அவர் 27 யார்டு ஓடினார். நாற்பத்தைந்து வினாடி மிச்சமிருக்கையில் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்தார். 13-10. பேஸ்மென்ட்டில் குதித்தவர்களோடு என் ஏழு வயது மகளும் குதித்தாள். மதுரைக்கார அண்ணன் எழுந்து வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார்.

கோச்சைத் தூக்குவது பற்றிய வாதம் எல்லா ஊரிலும் உண்டு. அதைப் பெரிய ஆட்டத்துக்கு முந்தின வாரத்தில் எடுக்காதீர்கள், ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியும் எடுக்காதீர்கள். ஒரு ஆட்டத்தின் தீர்ப்பு வேறு, ஒரு பருவத்தின் தீர்ப்பு வேறு. ஒஹாயோவை ஜெயித்த சில நாட்களிலேயே மிச்சிகன் தன் தாக்குதல் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியது. வெற்றி வந்தது என்பதற்காக வருடம் முழுக்க இருந்த குறை மறைந்துவிடவில்லை. அது சரியான முடிவு. கொலம்பஸிலோ ஒஹாயோவின் கோச் ரயன் டேயை அன்று ராத்திரியே துரத்த வேண்டும் என்று கூச்சல். மிச்சிகனிடம் அது அவருக்குத் தொடர்ந்து நான்காவது தோல்வி என்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே டே, அதே பையன்களோடு டென்னஸி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக வீழ்த்தி, 2025 ஜனவரி 20-ல் நாட்டு சாம்பியன் ஆனார். அடுத்த நவம்பரில் ஆன் ஆர்பருக்கே வந்து 27-9 என்று மிச்சிகனையும் ஜெயித்துவிட்டுப் போனார்.

கடைசியாக நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது ஒன்று. டேவிஸ் வாரனைப் பற்றி அந்தப் பருவம் முழுக்க ரசிகர்கள் பேசிய பேச்சை எழுத எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட நாளில் ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, உதவித்தொகை இல்லாமல் அணியில் வந்து சேர்ந்த பையன் அவர். குவார்ட்டர்பேக் சரியில்லை என்று பேசுங்கள், எங்கே எறிந்திருக்க வேண்டும் என்று பேசுங்கள், அவரை மாற்ற வேண்டும் என்றும் பேசுங்கள். அது ரசிகனின் உரிமை. ஆனால் தோற்ற ராத்திரியில் போனை எடுத்து, இருபது வயது மாணவன் ஒருவனின் பக்கத்தைத் தேடிப் போய் வசை எழுதாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதினால் அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.