கணவாயில் இறங்கும் லாரி

அன்புள்ள கயல்,

தக்காளி ஏற்றிப் போகும் சின்ன வண்டிகள் வரும் ரோட்டுக்குப் பெரிய டிரெய்லர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தாய். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார். மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. நிறம் மாறும் இடத்தில், அடியில் போட்ட ஜல்லியின் கனமும் மாறும்.

ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சோதனை ரோடு போட்டு, மாதக்கணக்கில் லாரிகளை ஓட்டிக் கண்ட கணக்கு இது. நம் நாட்டில் பத்துச் சக்கர லாரி 2018 முதல் சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம். ஊராட்சி ரோடு அதை எப்படித் தாங்கும்? ஆகவே தக்காளிக் காட்டிலிருந்து சின்ன வண்டி பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வருகிறது. அங்கே ஏற்றும் பெரிய வண்டி 844-ஆம் நெடுஞ்சாலையில் ராயக்கோட்டை வழியே ஓசூர் போகும்; இல்லையென்றால் அதியமான்கோட்டை வந்து 44-ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்கும்.

இந்த 44, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போவது. பல மாநிலத்து லாரிகள் நம் மாவட்டத்தில் நிற்காமலே கடந்து போகின்றன. அவற்றுக்கு இங்கே இருக்கும் பெரிய சோதனை தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் இறங்கும்போது கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரை சரிவும் வளைவும் சேர்ந்தே வரும். 2024 ஜனவரியில் அந்தப் பாலத்தருகே லாரி மோதிய விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள்.

டீசல் மிச்சமாகும் என்று நம்பிச் சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் சக்கரம் எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அந்த இழுவையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழுகிறது. டிரம் சூடேறி, லைனிங் கருகி வாடை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இதில் மிச்சமும் கிடையாது, கண்ணு: இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் நின்றுவிடுகிறது; நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டி வரும் ஓட்டுநருக்கு இதை எடுத்துச் சொல்லாமல், அபராதம் மட்டும் போட்டு என்ன பயன்? அவர்கள் பேசும் மொழியிலேயே, கணவாய்க்கு முன்பே நிறுத்திச் சொல்ல வேண்டும்.

அப்பா பைக்கில் சேலம் போகும்போது அவரிடம் ஒன்று சொல். இறக்கத்தில் லோடு லாரியைத் தாண்டியதும் அதன் முன்னால் வந்து வேகத்தைக் குறைக்கக் கூடாது. பிரேக் நன்றாக இருந்தாலும் அத்தனை டன் நிற்பதற்கு வெகுதூரம் பிடிக்கும்.

அன்புடன்,
மாமா